காலையில் அர்ஜென்டினாவைக் காணோம்

கர்ர்ர்... தப்! கர்ர்ர்... தப்!

பாளையம்பட்டித் தெருவில் பிரவீணா பறந்துகொண்டிருந்தாள். வலது காலில் சக்கரப் பலகை. இடது கால் வெறுங்கால். இன்னொரு பலகையைக் கட்டி முடிக்கும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. வந்த சேதி அப்படி!

“வழி விடுங்க! வழி! வழி!”

பால் கேனோடு வந்த சைக்கிள்காரர் பதறிப்போய் ஓரம் கட்டினார். ஒரு கோழி, ஓரம் கட்ட நேரமில்லாமல், ஓட்டுமேல் ஏறிவிட்டது.

பின்னால் மணிகண்டன் மூச்சு வாங்க ஓடிவந்தான். சேதியைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

“ஏலே, சரியாப் பாத்தியா?” என்று திரும்பாமலே கத்தினாள் பிரவீணா.

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நம்மளைக் காணோம்!”

“காணோம்னா?”

“காணோம்னா காணோம்தான். அர்ஜென்டினா போச்சு!”

தனுஷ்கோடி சைக்கிள் கடை வந்தது. பிரவீணா பிரேக் போட்டாள். பிரேக் என்றால் வேறொன்றுமில்லை, வேப்பமரத்தைக் கட்டிப்பிடிப்பதுதான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. மேலே பஞ்சர் ஒட்ட எவ்வளவு, காற்றடிக்க எவ்வளவு என்று எழுதியிருக்கும். கீழ்ப்பாதியில்தான் அந்த வரிசை. பிரவீணா நிமிர்ந்து பார்த்தாள்.

அர்ஜென்டினா – பரளச்சி
ஸ்பெயின் – திருச்சுழி
இத்தாலி – நரிக்குடி
போர்ச்சுகல் – பாளையம்பட்டி



நேற்று சாயங்காலம்வரை பாளையம்பட்டிதான் அர்ஜென்டினா! பரளச்சிதான் போர்ச்சுகல்! விடிவதற்குள் தலைகீழாகக் கவிழ்த்தது யார்?

*

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வருஷம், 1992-இல், பார்சிலோனா ஒலிம்பிக்கில் ரோலர் ஹாக்கியைப் பதக்கக் கணக்கில் சேராத காட்சி ஆட்டமாக வைத்தார்கள். காலில் சக்கரம், கையில் வளைந்த மட்டை. அர்ஜென்டினா முதல் இடம், ஸ்பெயின் இரண்டாவது, இத்தாலி மூன்றாவது, போர்ச்சுகல் நான்காவது. பேப்பரின் ஒரு மூலையில் இந்தச் செய்தி வந்தது. ஊரிலேயே அந்த மூலையைப் படித்தவர் சைக்கிள் கடைக்காரர் தனுஷ்கோடி ஒருவர்தான். மற்றவர்கள் அதில் வடையைப் பிழிந்து எண்ணெய் எடுத்துவிட்டார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லுக்குக் குறைச்சலா? மில்லில் கழித்துப் போட்ட பேரிங்குகள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தன. ஒரு துண்டுப் பலகை, அடியில் நாலு பேரிங், காலோடு இறுக்கிக் கட்டச் சைக்கிள் டியூப். மட்டைக்குச் சீமைக்கருவேல மரத்தில் தானாக வளைந்த கிளை. கந்தலைச் சுருட்டி அதன்மேல் டியூப் சுற்றினால் பந்து. கொஞ்ச நாளில் நாலு ஊரில் நாலு அணி கிளம்பிவிட்டது.

வரிசை போடும் வேலையைத் தனுஷ்கோடி எடுத்துக்கொண்டார். முதல் இடத்தில் இருக்கிற ஊருக்குப் பெயர் அர்ஜென்டினா. அடுத்தது ஸ்பெயின். இப்படியே கீழே போர்ச்சுகல்வரை. இடம் மாறினால் நாடும் மாறும். பாஸ்போர்ட் தேவையில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு ஸ்கேட்டிங் கிளப் வேனில் வருகிறது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில், இங்கே முதல் இடத்தில் இருக்கும் அணியோடு ஓர் ஆட்டம் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தங்கள் நிஜமான சக்கர ஷூக்களை அந்த அணிக்குப் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களாம்.

நிஜ ஷூ! கரகரக்காத சக்கரம்! பிரவீணா அதைக் கனவில் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். லேஸ் கட்டும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் விழிப்பு வந்துவிடும்.

இப்போது கனவும் போச்சு.

*

“அண்ணே! இது அநியாயம்!”

கத்தியது பிரவீணா இல்லை. அவளுக்கு முன்பே அங்கே வந்து நின்ற ஜெயக்குமார். பாளையம்பட்டி அணியின் கேப்டன். எட்டாம் வகுப்பு. மீசை முளைக்கப்போகிறது என்று அவனாகவே சொல்லிக்கொள்பவன்.

“நாங்க ஒரு ஆட்டமாச்சும் தோத்திருக்கமா?” என்று பலகையைத் தட்டினான். சாக்பீஸ் தூள் பறந்தது.

தனுஷ்கோடி ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோக்கல. ஆனா ஆடவும் இல்லையே தம்பி! பரளச்சிப் பிள்ளைக மூணு தடவை சவால் பேரிங் அனுப்பியிருக்கு. நீங்க ஒண்ணுக்கும் போகலை.”

“என்னது!” பிரவீணாவும் மணிகண்டனும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

சவால் பேரிங் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரு ஊர் இன்னொரு ஊரை ஆட்டத்துக்கு அழைக்க வேண்டுமானால், தன் பேரிங் ஒன்றில் நூலைச் சுற்றி, பஸ் கண்டக்டர் ராஜகுருவிடம் கொடுத்துவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நிற நூல். வாங்கிய அணி அந்தப் பேரிங்கோடு போய் ஆடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பேரிங் கிடைப்பது கஷ்டம். அதனால் யாரும் சும்மா சவால் விடுவதில்லை.

“நம்ம கணக்கு உங்களுக்குத் தெரியும்ல?” என்றார் தனுஷ்கோடி. “நேருக்கு நேர் மோதி ஜெயிச்சா, ரெண்டு அணியும் இடம் மாறிக்கலாம். சவாலுக்கு வராமப் போனா, வராதவன் ஒரு படி கீழே. அனுப்பினவன் ஒரு படி மேலே. மூணு சவால், மூணு படி. உலகத்துல எப்படிப் போடுறாகளோ எனக்குத் தெரியாது. பேப்பர்ல அவ்வளவுக்கு எழுதலை.”

“எங்களுக்கு எந்தப் பேரிங்கும் வரலையே!” என்றாள் பிரவீணா.

தனுஷ்கோடி டியூபையே பார்த்தார். டியூபில் குமிழி வந்துவிட்டது.

“எவன் அண்ணே உங்ககிட்ட கோள் சொன்னது?” ஜெயக்குமாரின் குரல் தெருமுனைவரை கேட்டது. “பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே ஒரு கை பாக்கிறேன்!”

“சொல்லமாட்டேன். சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கு, சொன்ன ஆளு.”

*

கண்டக்டர் ராஜகுருவாகத்தான் இருக்கும் என்றான் மணிகண்டன். பஸ் வந்ததும் பிரவீணா படியில் தொற்றிக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, தனுஷ்கோடி அண்ணன்கிட்ட நீங்க ஏதும் சொன்னீகளா?”

“நானா? எனக்கு டிக்கெட் கிழிக்கவே நேரம் பத்தலை. இதுல கதை வேற சொல்றேனாக்கும்!” என்றார் ராஜகுரு. “பேரிங் வந்துச்சு, கொண்டாந்து குடுத்தேன். அவ்வளவுதான் பாப்பா.”

“யார்கிட்ட குடுத்தீக?”

“ஸ்டாப்புல யாரு நிக்கிறாகளோ அவுககிட்ட. ரைட்! ரைட்!”

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. புழுதி மட்டும் பிரவீணாவோடு நின்றது.

வீட்டுக்கு வந்தாள். மளிகைக்கடைக்குள் அப்பா வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் உட்கார்ந்து தன் பலகைகளுக்கு எண்ணெய் விடத் தொடங்கினாள். மனசு சரியில்லாதபோது அவள் செய்யும் வேலை அது.

இடது பலகையில் ஒரு சக்கரம் சுற்றாமல் இடித்தது. ஏதோ சிக்கியிருக்கிறது. ஊக்கை விட்டு நெம்பி இழுத்தாள்.

நூல்.

மஞ்சள் நூல்!

பிரவீணாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் தறிக்காரர் வீட்டுச் சாய நூல் தாராளமாகக் கிடைக்கும். சிவப்பு, பச்சை, நீலம், எது வேண்டுமோ அது. பரளச்சியில் தறி இல்லை. அவர்கள் மட்டும்தான் வெள்ளை நூலில் மஞ்சளைத் தேய்த்து அனுப்புவார்கள். முகர்ந்து பார்த்தாள். மஞ்சள் வாசனை அடித்தது.

அடுத்த சக்கரத்தைக் கழற்றினாள். அதன் துளைக்குள்ளும் மஞ்சள் கறை. வலது பலகையில் இன்னொன்று.

மூன்று பேரிங். மூன்று சவால். மூன்றும் அவள் காலடியில்!

இவ்வளவு நாளாக அவள் வேகத்தைப் பார்த்து ஊரே கைதட்டியது. அது பரளச்சியின் சக்கரம்!

அவள் சக்கரங்கள் உடைந்தபோது, “இந்தா, பழைய இரும்புக் கடையில கிடைச்சது,” என்று புதிதாக மாட்டிக் கொடுத்தவன் யார்?

*

ஜெயக்குமார் அவர்கள் ஆடும் களத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். பிரவீணா மஞ்சள் நூலை அவன்முன் நீட்டினாள்.

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்புறம் ஏனோ ஒரு பெருமூச்சு விட்டான்.

“நான்தான்,” என்றான்.

“ஏன்டா?”

“எங்க சித்தி ஊரு பரளச்சி. போயிருந்தப்ப அவுக ஆடுறதைப் பாத்தேன். அந்த வெள்ளைத்தாய் இருக்காளே, காத்து மாதிரி வாரா. மோதினா நாம தோத்துருவோம்னு தோணுச்சு. ஆடாட்டி தோக்கவே மாட்டோம்ல? எப்பவும் அர்ஜென்டினாதான்.”

பிரவீணாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு முதல் பஸ்ஸுல பரளச்சி போறோம்,” என்றாள். “பேரிங்கைக் குடுத்துட்டு ஆடுறோம்.”

“எல்லாருகிட்டயும் சொல்லப் போறியா?”

“பேரிங் கிடைச்சிருச்சு, போறோம்னு மட்டும்தான் சொல்லப் போறேன்.”

நடக்கத் திரும்பியவள் நின்றாள். “ஆமா, உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னா, தனுஷ்கோடி அண்ணனுக்கு யாரு சொன்னா?”

“எனக்கு என்ன தெரியும்?” ஜெயக்குமார் ஒரு கல்லை எட்டி உதைத்தான்.

*

சனிக்கிழமை காலை. பரளச்சியின் சிமெண்டுக் களம் வெயிலில் பளபளத்தது. மிளகாய் வத்தல் காயப்போடும் களம் அது. வத்தலை எப்போதோ அள்ளிவிட்டார்கள். நெடி மட்டும் போகவில்லை.

இறங்கியதுமே மணிகண்டன் மூன்று தும்மல் போட்டான்.

வெள்ளைத்தாய் எதிரே வந்தாள். பிரவீணா வயசுதான் இருக்கும். பாவாடையை இழுத்துச் செருகியிருந்தாள். அவள் காலைப் பார்த்த பிரவீணாவுக்கு மறுபடியும் தூக்கிவாரிப்போட்டது. பலகையில் பேரிங் இருக்க வேண்டிய மூன்று இடங்களில் வேப்பங்கட்டையைச் செதுக்கி மாட்டியிருந்தாள். ஒன்று பாதி பிளந்திருந்தது.

மணிகண்டன் பிரவீணாவின் காதைக் கடித்தான். “பாத்தியா! அந்தக் காலை வச்சுக்கிட்டு அவளால திரும்பவே முடியாது. பேரிங்கை ஆட்டம் முடிஞ்சு குடுப்போம். ஜெயிச்சு இடம் மாறிக்கிட்டா நாளைக்கு நம்மதான் அர்ஜென்டினா. நிஜ ஷூ, பிரவீணா! நிஜ ஷூ!”

பிரவீணா அவனைப் பார்த்தாள். ஷூவை நினைத்தாள். 

பைக்குள் கையை விட்டு மூன்று பேரிங்கையும் எடுத்து நீட்டினாள்.

“ஆட்டத்துக்கு முன்னாடி மாட்டிக்கோ,” என்றாள்.

வெள்ளைத்தாயின் கண் விரிந்தது. “ஐயோ! எங்க பேரிங்கு! பஸ்ஸுல தொலைஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சோம்! போன வாரம் சந்தையில உங்க கேப்டனைப் பாத்துக் கேட்டேன். வரவே இல்லைன்னுட்டாக. நான் பாவம் கண்டக்டர் அண்ணனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

ஜெயக்குமார் தரையைப் பார்த்தான். 

“எங்ககிட்டதான் இருந்துச்சு,” என்றாள் பிரவீணா. “தப்பு எங்களோடது.”

எங்களோடது என்றாள். அவனோடது என்று சொல்லவில்லை. ஜெயக்குமார் சடக்கென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

வெள்ளைத்தாய் பிளந்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேரிங்குகளை மாட்டினாள். பிறகு, “சரி, ஆடுவமா? வெயில் ஏறுது,” என்றாள்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தனுஷ்கோடி அண்ணன்கிட்ட நீங்கதானே சொன்னீக?”

“நாங்க எங்க சொன்னோம்? நாங்க அர்ஜென்டினா ஆனதே நேத்து கண்டக்டர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். நம்பாம அவரை மறுபடியும் திட்டினோம்!”

 கண்டக்டர் இல்லை. பரளச்சியும் இல்லை. அப்படியானால் யார்?

*

பேரிங்கைக் கொடுத்துவிட்டதால் பிரவீணாவுக்குச் சக்கரம் இல்லை. கோல்கீப்பர் பூமிநாதனை முன்னால் அனுப்பிவிட்டு, அவள் வெறுங்காலோடு கோலில் நின்றாள். சிமெண்டு தோசைக்கல்லாகச் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே பந்தைத் தடுத்தாள். பரளச்சிக்காரர்கள் அது ஏதோ மதுரைப் பக்கத்துப் பாணி என்று நினைத்துப் பயந்தார்கள்.

ஜெயக்குமார் சொன்னது பொய்யில்லை. வெள்ளைத்தாய் காற்றுதான். பேரிங் மாட்டிய பலகையில் அவள் வளைந்து வந்த வேகத்தில் மணிகண்டன் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று தேடினான்.

ஆனால் பாளையம்பட்டியும் சும்மா இருக்கவில்லை. ஜெயக்குமார் இதுவரை ஆடாத ஆட்டம் ஆடினான். ரெண்டுக்கு ரெண்டு. களத்தைச் சுற்றி ஆடு மேய்க்க வந்தவர்கள்கூட ஆட்டை மறந்து நின்றார்கள்.

கடைசி நேரம். வெள்ளைத்தாய் தனியாக வந்தாள். பிரவீணா குனிந்து, கண்ணை இமைக்காமல், பந்தையே பார்த்தாள். மட்டை எழும்பியது. களத்து வத்தல் தூளும் கூடவே எழும்பியது.

“ஹா... ஹா... ஹச்ச்சு!”

கண்ணைத் திறந்தபோது பந்து பின்னால் உருண்டுகொண்டிருந்தது.

“தும்மலுக்கெல்லாம் கோல் கிடையாது!” என்று மணிகண்டன் குதித்தான்.

வெள்ளைத்தாய் தயங்கி நின்றாள். “வேணும்னா மறுபடியும் அடிக்கிறேன்.”

பிரவீணா மூக்கைத் துடைத்தாள். “வேண்டாம். கோல் கோல்தான்.”

பாளையம்பட்டி முதல் தடவையாகத் தோற்றது. போர்ச்சுகல் போர்ச்சுகலாகவே பஸ் ஏறியது. ஜன்னல் பக்கம் ஓடிவந்த வெள்ளைத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு நீங்க வந்து எங்களுக்காகக் கத்தணும். அப்புறம், ஏ பிரவீணா, அந்த ஷூவை எனக்குக் குடுத்தா உனக்கும் ஒரு ரவுண்டு.”

*

ஞாயிற்றுக்கிழமை மதுரைக் கிளப் வந்து பரளச்சியைச் சுருட்டி வைத்தது. அவர்கள் சக்கரங்கள் சத்தமே போடவில்லை. எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரியவில்லை. பரளச்சி அடித்தது ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோலுக்குப் பாளையம்பட்டி போட்ட கூச்சலில் மதுரைக் கோல்கீப்பர், தான் தோற்றுவிட்டதாகவே நினைத்துவிட்டான்.

வெள்ளைத்தாய் சொன்ன சொல் தவறவில்லை. தன் ரவுண்டை முடித்துவிட்டு, வெள்ளை ஷூவைக் கழற்றிப் பிரவீணாவிடம் நீட்டினாள்.

பிரவீணா படியில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டாள்.  லேஸை எப்படிக் கட்டுவது என்றே புரியவில்லை. “இங்க குடு,” என்று யாரோ எதிரில் மண்டியிட்டு லேஸைப் பிடித்தார்கள். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. தனுஷ்கோடி பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே! இப்பவாச்சும் சொல்லுங்க. கண்டக்டர் அண்ணன் இல்லை. பரளச்சியும் இல்லை. எங்களைப் போர்ச்சுகல் ஆக்கினது யாரு?”

தனுஷ்கோடி சிரித்தார். “பேரிங் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம்னுதான் சத்தியம். வியாழக்கிழமை கடையைப் பூட்டுற நேரத்துல வந்து நின்னான். ‘அந்தப் பரளச்சிப் பிள்ளை நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பிருச்சு, அண்ணே. எங்க ஆளுககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க பலகையில எழுதிருங்க’ன்னு ஒரே அழுகை.”

“யாரு அண்ணே?”

தனுஷ்கோடி மோவாயால் கீழே காட்டினார்.

“உன் காலடியில உக்காந்து லேஸ் கட்டிக்கிட்டு இருக்கானே, அவன்தான்.”